மடக்குக் கத்தி: பேக் லாக், லைனர் லாக், ஆக்ஸிஸ் லாக்... இடது கைக்கு எது?

இடக்கையன்:
எனக்கு இடது கைப் பழக்கம். அட்டைப்பெட்டி பிரிக்க, சணல், நைலான் கயிறு அறுக்க, சின்னக் கிளை சீவ 8 செ.மீ. அலகுள்ள மடக்குக் கத்தி வேண்டும். இப்போது கையில் இருப்பது லாக் (திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு) இல்லாத விக்டோரினாக்ஸ் கத்தி. முனையால் குத்தினால் அலகு விரல்மேல் மடங்கப் பார்க்கிறது. மேலே சொன்ன மூன்றில் எதை நம்பலாம்? எது அதிக பலம்?

சாணைக்கல்:
பலத்தைப் பார்த்து வாங்காதீர்கள் நண்பரே. லாக் உடைந்து மடங்குவது அபூர்வம். முழுதாக உட்காராமல் வழுக்கி மடங்குவதுதான் அதிகம்.

பக் கம்பெனியின் 110 மாடல் கத்தியில் இருப்பது பேக் லாக். கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல். அதன் கொக்கி, கைப்பிடிக்குள் இருக்கும் அலகின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் பாக்கெட் பஞ்சு சேர்ந்தால் கொக்கி பாதியில் நின்றுவிடும். வெளியே பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். முதுகைத் தடவிப் பாருங்கள்: நெம்புகோல் கைப்பிடியோடு சமமாக இல்லாமல் மேடு தட்டினால் பல்குத்தும் குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்யணும். இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையே நெம்புகோலை அமுக்கிவிடுவது இன்னொரு ஆபத்து. அதற்காகத்தான் சில கத்திகளில் அந்த இடத்தை வளைவாகக் குடைந்திருப்பார்கள்.

லைனர் லாக்கில் உள்தகடே ஸ்பிரிங். அலகு திறந்ததும் பக்கவாட்டில் வளைந்து அதன் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். புதுக் கத்தியில் அலகின் கனத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை தகடு ஏறி நிற்கணும். ஓரத்தில் நூலளவுதான் தொடுகிறது என்றால் அந்தக் கத்தியே வேண்டாம்.

திருகாணி:
இடது கை என்றால் என் ஓட்டு ஆக்ஸிஸ் லாக்குக்கு. பெஞ்ச்மேட் கம்பெனி 1998-இல் 710 மாடலில் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் கிராஸ்பார் லாக் என்று விற்கின்றன. குறுக்கே ஒரு எஃகுக் கம்பி; அலகின் அடிச்சரிவின்மேல் ஆப்பு போல இறங்கி, அலகின் அடியை ஸ்டாப் பின்னோடு (திறந்த அலகைத் தடுத்து நிறுத்தும் முளை) சேர்த்து இறுக்கும். குமிழ் இரண்டு பக்கமும் உண்டு, எந்தக் கையாலும் பின்னால் இழுக்கலாம். மூடும்போது விரல் அலகின் பாதையில் வராது, இது ரொம்ப முக்கியம். லைனர் லாக்கில் வலது கைக்காரர் கட்டைவிரலால் தள்ளுவதை நீங்கள் ஆட்காட்டி விரலால் தள்ளணும். அந்த நேரம் விரல் அலகுக்கு நேராகவே இருக்கும்.

குறை, கம்பியைத் தள்ளும் மயிரிழை போன்ற ஒமேகா (Ω வடிவ) ஸ்பிரிங்தான். பக்கத்துக்கு ஒன்று. ஒன்று உடைந்தால் மற்றது தாங்கும், ஆனால் அப்போதே மாற்றிவிடுங்கள். மண் புகுந்து கம்பி மந்தமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

குறைந்த விலைக்கு மரப்பிடி போட்ட ஓப்பினெல் நம்பர் 8 கத்தியைப் பாருங்கள், 8.5 செ.மீ. அலகு. 1955-இல் வந்த சுழல் வளையம்தான் அதன் லாக். வளையத்தைத் திருப்ப மறந்தால் லாக்கே இல்லை. மழையில் மரப்பிடி ஊதி அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் வால்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும்.

இடக்கையன்:
நன்றி. பழைய லைனர் லாக் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அலகு ஆடுகிறது, மூடும்போது தகடு ஒட்டிக்கொள்கிறது. சரி செய்யலாமா?

சாணைக்கல்:
ஆட்டம் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். இடம் வலமாக ஆடினால் பிவட் திருகு (அலகு சுழலும் அச்சுத் திருகு) தளர்ந்திருக்கிறது. நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட் போட்டு (பெரும்பாலும் டி8 அளவு) எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கிப் பாருங்கள், மறுபடி தளர்ந்தால் நீல த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. மேலும் கீழுமாக ஆடினால் திருகு உதவாது, முட்டும் முகம் தேய்ந்திருக்கிறது. தகடு எதிர்ப்பக்கத் தகட்டையே தொட்டுவிட்டதென்றால் அந்தக் கத்திக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஒட்டிக்கொள்வதற்கு, அலகின் அடியில் தகடு முட்டும் இடத்தில் பென்சிலால் நன்றாகத் தேய்த்து, பத்து இருபது தடவை திறந்து மூடுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம், தகடு வழுக்கும்.

பிறகு சோதனை: விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, அலகின் முதுகை மரக்கட்டையில் வைத்து மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள். நல்ல லாக்கின் முகமும் அதில் நசுங்கிவிடும்.