பிபா சௌதுரியின் நோபலை பவல் தட்டிச்சென்றாரா?

வெள்ளிமணி:
இதில் சந்தேகம் வேறயா? இந்திய இயற்பியலாளர்களான பிபாவும் டி. எம். போஸும் டார்ஜிலிங்கிலும் சந்தக்பூவிலும் இல்ஃபோர்டு ஒளித்தட்டுகளை (துகள் போன தடம் பதியும் புகைப்படத் தட்டுகள்) மாதக்கணக்கில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்பட வைத்தார்கள். 1940 முதல் 42 வரை நேச்சர் ஆய்விதழில் கட்டுரைகள். அதே முறையில் பிரிட்டனின் செசில் பவல் 1947இல் பையான் என்ற அணுவினும் சிறிய துகளைப் பிடித்தார், 1950இல் நோபலும் வாங்கிவிட்டார்.

குட்டிச்சுவர்:
வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இது. பிபாவும் போஸும் கண்ட துகள்களின் சராசரி நிறை எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. மியூவான் என்ற இன்னொரு துகள் 207 மடங்கு, பையான் 273 மடங்கு. அதாவது அவர்கள் கண்ட நிறை மியூவான் பக்கம்தான். மியூவானை ஆண்டர்சனும் நெடர்மேயரும் 1937க்குள்ளேயே முகில் அறையில் (துகள் போன தடம் ஆவியில் தெரியும் கருவி) பார்த்தாயிற்று.

வெள்ளிமணி:
எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள் சார். துகளின் வேகம் குறையக் குறையத் தட்டில் பதியும் தடத்தில் வெள்ளி மணிகள் (சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகள்) நெருங்கும். லேசான துகள் அதிகம் சிதறி வளையும், புரோட்டான் கிட்டத்தட்ட நேராகப் போகும். மணி இடைவெளி, சிதறல் கோணம் இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் அளந்தால் நிறை வந்துவிடும், காந்தமே வேண்டாம். நோபல் அறிவிப்பிலும் ஒளித்தட்டு முறையை வளர்த்ததற்கு என்றுதானே முதலில் இருக்கிறது?

குட்டிச்சுவர்:
முறை சரி, தட்டு சரியில்லை. போர்க்காலத்தில் உணர்திறன் குறைந்த ஹாஃப்டோன் தட்டுதான் கிடைத்தது. வேகமான துகளுக்கு அதில் மணியே விழாது. மாதக்கணக்கில் வைத்தால் பழைய தடங்கள் கழுவுமுன்பே மங்கும். மணி குறைந்தால் இடைவெளி கூடுதலாகத் தெரியும், நிறைக் கணக்கு தப்பும். அதனால் சராசரிதான் சொல்ல முடிந்தது.
பவலிடம் வெள்ளி புரோமைடு செறிந்த புது எமல்ஷன் (தட்டின் மேலுள்ள ஒளியுணர் பூச்சு). ஒரு தடம் வந்து நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து 0.6 மி.மீ. நீளத்தில் இன்னொன்று கிளம்புகிறது. முதலில் கிடைத்தது இரண்டே நிகழ்வு, அதில் ஒன்றில்தான் இரண்டாம் தடம் எமல்ஷனுக்குள்ளேயே முடிந்தது. பையான் சிதைந்து மியூவான் ஆனதற்கு அதுதான் சாட்சி. வெறும் முறைக்குப் பரிசென்றால் அதை முன்பே தொடங்கிவைத்த வியன்னாவின் மரியெட்டா ப்ளாதான் வரிசையில் முன்னால்!

பனங்கற்கண்டு:
ப்ளாவுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் நோபல் தரும் ஸ்டாக்ஹோமோடு மட்டும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? பிபா 1949இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர். நம் தேசிய அறிவியல் அகாடமி ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1991இல் காலமானார். ஒரு விண்மீனுக்கு அவர் பெயரை வைத்ததெல்லாம் 2019இல்.

வெள்ளிமணி:
அது வெட்கக்கேடு, மறுக்கவில்லை. ஆனால் புது எமல்ஷன் போருக்குப் பின் முதலில் போய்ச் சேர்ந்தது யார் கைக்கு? இங்கிலாந்து ஆய்வகங்களுக்குத்தானே?

குட்டிச்சுவர்:
பிபாவும் அப்போது இங்கிலாந்தில்தான் இருந்தார், மான்செஸ்டரில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில். அங்கே எடுத்துக்கொண்டது காற்றுப்பொழிவு ஆய்வு (காஸ்மிக் கதிர் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழை). ஒளித்தட்டு வேலை பவல் இருந்த பிரிஸ்டலில் நடந்தது.