சனிக்கிழமைக்கு 1999 பரோலோ: எப்படித் திறக்கிறது?

*செவ்வாய்*

பிரபு: மாமா, சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு வீட்ல விருந்து, ஆறு பேர். 1999 பரோலோ (இத்தாலி சிவப்பு ஒயின்) ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். செர்ரலுங்கா தால்பா ஊர்த் திராட்சை, பெரிய பீப்பாயில வளர்ந்தது. டிகாண்டர் (ஒயினை மாத்தி ஊத்தற அகல ஜாடி) வேணுமா, வேண்டாமா?

சுந்தர் மாமா: அத அப்புறம் பேசலாம். பாட்டில் படுத்தா இருக்கு?

பிரபு: ஆமா மாமா.

சுந்தர் மாமா: இன்னைக்கே நிமிர்த்தி வை. பரோலோ பண்ற நெபியோலோ திராட்சையோட வண்டல் மாவு மாதிரி நைசா இருக்கும், அடியில இறங்க ரெண்டு நாளாவது ஆகும். நாலு நாள் கிடைச்சா ரொம்ப நல்லது. வண்டல் கலங்கினா கசப்பு ஏறி வாசனை மங்கிடும். அதுக்கப்புறம் வடிகட்டியும் பிரயோஜனம் இல்ல.

கவிதா அக்கா: கார்க்குக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கு?

பிரபு: 3 சென்டிமீட்டர் இருக்கும் அக்கா.

கவிதா அக்கா: இந்த வயசுக்கு அருமை. 6 தாண்டியிருந்தா காத்து புகுந்திருக்குமோன்னு கவலைப்படணும்.

ரம்யா: நிறம் வெளிறித் தெரியுதுன்னு பிரபு என்கிட்ட சொன்னானே, கெட்டுப்போச்சா?

கவிதா அக்கா: இல்லடா. நெபியோலோவுக்கு இளசிலயே நிறம் கம்மி, துவர்ப்புதான் ஜாஸ்தி. வயசானா ஓரம் ஆரஞ்சா, செங்கல் நிறமா மாறும். முழுசும் பழுப்பாகி, அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தாத்தான் காத்து கெடுத்திருக்குன்னு அர்த்தம்.

சுந்தர் மாமா: பழைய முறையில தோலோட ஒரு மாசம், சில சமயம் அதுக்கும் மேல ஊற விடுவாங்க. தோல் மேல மிதந்து காயாம இருக்க பலகை போட்டு அமுக்கி வைப்பாங்க. பிறகு 2,000, 5,000 லிட்டர் ஸ்லவோனியன் ஓக் பீப்பாயில வருஷக்கணக்கா கிடக்கும். பீப்பாய் பெருசுங்கறதால மர வாசனை ஏறாது, காத்தும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகும். 225 லிட்டர் புது பாரிக், அதாவது சின்ன ஓக் பீப்பாய், வனிலா வாசனையப் போட்டு நெபியோலோவோட ரோஜா, தார் வாசனைய மூடிடும். பரோலோ ஒயின்காரர் பர்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை பாரிக் வேண்டாம்னு நின்னதுக்கு அதுதான் காரணம்.

பிரபு: இப்ப சட்டப்படி பரோலோவை 38 மாசம் வளர்த்தணும், அதுல 18 மரப் பீப்பாயில, சரியா?

சுந்தர் மாமா: சரி. ரிசெர்வா, அதாவது அதிக நாள் வளர்த்த வகைன்னா 62 மாசம்.

கவிதா அக்கா: சனிக்கிழமைக்கு வருவோம். சாதாரண திருகாணி போடாதே, கார்க் நடுவுல உதிரும். ரெண்டு மெல்லிய தகடு இருக்கிற எடுப்பான் வாங்கு. நீளத் தகட்டை முதல்ல கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவுல விடணும். அப்புறம் மத்ததையும் விட்டு, இப்படி அப்படி ஆட்டி ஆட்டி முழுசா இறக்கிட்டு, திருகிக்கிட்டே மேல இழு. கார்க் தொளதொளன்னு இருந்தா அழுத்தாதே, உள்ள விழுந்துடும்.

ரம்யா: விழுந்தா?

கவிதா அக்கா: உடனே நைஸ் வடிகட்டி வழியா வேற பாத்திரத்துக்கு மாத்திடணும். காபி ஃபில்டர் பேப்பர்னா முதல்ல வெந்நீர்ல அலசணும், இல்லன்னா பேப்பர் ருசி ஒட்டும்.

சுந்தர் மாமா: மதியம் 3 மணிக்குத் திற. 60 மில்லி கிளாஸ்ல ஊத்தி மோந்து பார். மட்டம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும், காத்து படற பரப்பும் கூடும். மூடாம குளிர்ச்சியான இடத்துல அசைக்காம விட்டுடு. டிகாண்டர்ல தடதடன்னு ஊத்தினா இத்தனை வருஷம் சேர்ந்த வாசனை பாதி பறந்துடும். இது என் தீர்மானமான கருத்து.

கவிதா அக்கா: 1999 கட்டுமஸ்தான வருஷம் மாமா. செர்ரலுங்கா அதுலயும் இறுக்கமான பக்கம். 6 மணிக்கும் வாசனை வெளிய வரலைன்னா?

சுந்தர் மாமா: அப்ப மட்டும் டிகாண்டருக்கு மாத்து. வெளிச்சத்தைக் கழுத்துக்குப் பின்னால வெச்சு ஒரே சீரா ஊத்து. வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்து. கடைசி 40 மில்லி போனாப் போகட்டும்.

பிரபு: ஆளுக்கு 100 மில்லிதான் வரும் போல.

கவிதா அக்கா: போதும். பெரிய வயிறு உள்ள கிளாஸ், மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதே. ஒயின் 16 முதல் 18 டிகிரி வரை இருக்கணும். அறை 24ல இருந்தா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். ஃப்ரிட்ஜுல 20 நிமிஷம் வெக்கலாம், ஆனா நிமிர்த்தியே.

பிரபு: திறந்ததும் பூஞ்சை வாசனை வந்தா?

கவிதா அக்கா: அரைமணி பொறு. பழைய அறை வாசனை தானா கலைஞ்சிடும். ஈர அட்டைப்பெட்டி வாசனை நேரம் ஆக ஆக ஏறினா கார்க் நோய், அதுக்கு வைத்தியம் இல்ல. மாத்து பாட்டில் ஒண்ணு தயாரா வை. லேசா வார்னிஷ் நெடி அடிச்சா பதறாதே, பழைய முறையில பண்ற ஒயின்ல அது கொஞ்சம் இருக்கும்.

விஜயா சித்தி: சாப்பாட்டுக்கு மிளகுக் கறி பண்ணட்டுமா பிரபு?

சுந்தர் மாமா: காரம் வேண்டாம் விஜயா. துவர்ப்பு நாக்கைச் சுரண்டும், ஆல்கஹால் எரியும். பரோலோ ஊர்லயே பண்ற மாதிரி ஒயின்ல மூணு மணி நேரம் வேகற பிரசாத்தோ மாட்டுக்கறி பொருத்தம். அதுக்கு இந்தப் பாட்டிலை ஊத்தாதீங்க, சாதாரண நெபியோலோ போதும்.

விஜயா சித்தி: கறி சாப்பிடாதவங்களுக்கு?

கவிதா அக்கா: வெண்ணெய் போட்ட தஜரின் (மெல்லிய முட்டை நூடுல்ஸ்), கூட காஸ்தெல்மாஞ்ஞோ சீஸ். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும் சித்தி. தக்காளி சாஸ் மட்டும் வேண்டாம்.

பிரபு: பாட்டிலை நிமிர்த்திட்டேன் மாமா. மிஞ்சினா ஞாயித்துக்கிழமை குடிக்கலாமா?

சுந்தர் மாமா: சின்ன பாட்டில்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி ஃப்ரிட்ஜுல வெச்சா மறுநாள் மதியம் வரை தாங்கும். அதுக்கு மேல வெக்காதே.