பிரிந்த வருஷத்து டாக்ஸ்: எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள்?

பிளேனோ, டெக்சாஸ்

என் கணவர் வீட்டை விட்டுப் போனது 2024 மார்ச் 9, சனிக்கிழமை. வாடகை வேனில் டிவி, புத்தகங்கள், மானிட்டர் எல்லாம் ஏறின. இட்லி குக்கரைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர், என்ன நினைத்தாரோ, படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏப்ரலுக்குள் கோயிலில் பிரசாதம் கொடுக்கும் மாமி வரைக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

ஆனால் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தெரியவில்லை. அடுத்த பிப்ரவரியில் டாக்ஸ் சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஃபைலிங் ஸ்டேட்டஸ் கேட்டது. யோசிக்காமல் 'சிங்கிள்' அழுத்தினேன். ஒரு வருஷமாகத் தனியாகத்தானே இருக்கிறேன், வேறென்ன? ஆபீஸ் தோழி ஒருத்தி, முன்பு சிபிஏ, அதாவது ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள், கேட்டதும் பதறிவிட்டாள். "டைவர்ஸ் டிக்ரி வந்துடுச்சா?" வரவில்லை, மனுவே போடவில்லை. "அப்போ டிசம்பர் 31 அன்னிக்கு நீ கல்யாணமானவ. சிங்கிள் கிடையாது."

வருஷத்தின் கடைசி நாள் உங்கள் நிலை என்னவோ அதுதான் வருஷம் முழுமைக்கும். கோர்ட் விவாகரத்தோ, சட்டப்படியான பிரிவு உத்தரவோ அதற்குள் கையில் இருக்க வேண்டும். டெக்சாஸில் அந்த இரண்டாவது வழியே கிடையாது, விவாகரத்து ஒன்றுதான். எனக்கு மிச்சம் இருந்தது இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் ஜாயின்ட், இல்லையென்றால் கல்யாணமானவர் தனித்தனியாகப் போடும் 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி'. ஜாயின்ட்டுக்கு அவரோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடும் மனநிலை இல்லை.

மூன்றாவதாக ஒரு கதவைத் தோழிதான் காட்டினாள், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது வேறொருவரைத் தாங்கி வீடு நடத்துபவருக்கான நிலை. விவாகரத்து ஆகாவிட்டாலும் சில நிபந்தனைகள் பொருந்தினால் கல்யாணமாகாதவர் போலக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கடைசி ஆறு மாதம் துணை அந்த வீட்டில் வசித்திருக்கக் கூடாது. குழந்தை பாதி வருஷத்துக்கு மேல் நம் வீட்டில் இருந்திருக்க வேண்டும், நம் டிபெண்டென்டாகவும், அதாவது நம் ஆதரவில் இருப்பவராகவும், இருக்க வேண்டும். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நாம் கட்டியிருக்க வேண்டும். தனி ரிட்டர்ன் போட வேண்டும். வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் நிலையான தொகை ஒன்று உண்டு. 2024-க்கு செபரேட் என்றால் அந்த ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 டாலர். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்றால் 21,900.

மற்றதெல்லாம் சரி, செலவைக் காட்டுவதுதான் பாடு. இரண்டு ராத்திரி எக்செல்லோடு உட்கார்ந்தேன். வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி, வீட்டு இன்ஷூரன்ஸ், கரண்ட், தண்ணீர், ஏசி ரிப்பேர், வீட்டில் சாப்பிட்ட சாப்பாடு இவையெல்லாம் சேரும். இந்தியக் கடையில் வாங்கிய பத்து கிலோ அரிசி மூட்டை சேரும். மகளின் பரதநாட்டிய ஃபீஸ், பல் டாக்டர், துணிமணி, ஊருக்குப் போன டிக்கெட் எதுவும் சேராது. டான்ஸுக்கு நான் கொட்டிய பணத்துக்கு அவர்கள் கண்ணில் மதிப்பே இல்லை, போங்கள்! மார்ச் வரை இருவரும் கட்டியதைப் பிரித்து எழுதி, கூட்டிப் பார்த்தால் மொத்தம் 41,000 சொச்சம். அதில் என் பங்கு 27,000-க்குக் கொஞ்சம் கீழே. அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டெக்சாஸ் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலம். கல்யாணம் முறியும் வரை என் சம்பளத்தில் பாதி அவருடையது, அவருடையதில் பாதி என்னுடையது. ஜாயின்ட் போடாதவர்கள் ஃபார்ம் 8958 வைத்து இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பாதியாக்கிக் காட்ட வேண்டும், பிடித்த வரியையும் சேர்த்து. என் 84,000, அவர் 96,000, ஆளுக்கு 90,000. ஆக, பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவரின் டபிள்யூ-2, அதாவது வருஷச் சம்பளச் சான்று, எனக்கு வேண்டும். மூன்று இமெயில் போட்டேன். பதில் வரவில்லை. ஏப்ரலில் கூடுதல் நேரம் கேட்கும் ஃபார்ம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை நேரம் வாங்கினேன். கடைசியில் அவருடைய அக்காவுக்கு வாட்ஸ்அப் செய்தேன். மறுநாள் காலை பிடிஎஃப் வந்துவிட்டது, ஒரு வணக்கம்கூட இல்லாமல்.

உங்களுக்கெல்லாம் எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.

எடிசன், நியூஜெர்சி

நாங்கள் கடைசி வருஷம் ஜாயின்ட்தான் போட்டோம். வரி குறையும், சண்டை எதற்கு என்று. போனில் வந்த லிங்க்கில் விரலால் கையெழுத்துப் போட்டேன். முழு ரிட்டர்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

விவாகரத்து முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தபால். அவர் தனியாகச் செய்த கன்சல்டிங்கில் வந்த 31,000 டாலர், 1099 ஃபார்மில் வரும் சம்பளமல்லாத வருமானம், ரிட்டர்னில் இல்லையாம். வரி, அபராதம், வட்டி, மொத்தமும் இரண்டு பேர் பெயரிலும். டிக்ரியில் பழைய வரி பாக்கி அவர் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அது உங்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம், எங்களைக் கட்டுப்படுத்தாது என்ற பொருளில் பதில். ஜாயின்ட்டில் கையெழுத்துப் போட்டால் முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம்.

பிறகு துணையின் தப்புக்கு நான் பொறுப்பில்லை என்று விலக்குக் கேட்கும் ஃபார்ம் 8857, 'இன்னசென்ட் ஸ்பவுஸ்' என்பது, போட்டேன். அந்த வருமானம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று காட்ட வேண்டும். தனி பேங்க் கணக்கு, நான் வேலைக்குப் போன நேரம் என்று ஒரு ஃபைல் நிறையக் காகிதம். ஒன்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்: இதைப் போட்டதும் முன்னாள் கணவருக்கு ஐஆர்எஸ் கட்டாயம் தெரிவிக்கும். பயந்துகொண்டு இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எனக்குப் பெரும்பகுதி தள்ளுபடி ஆனது, ஆனால் அந்தப் பத்து மாதமும் தபால்பெட்டியைத் திறக்கவே கை நடுங்கும். இன்னும் ஊரில் வெளிநாட்டு இந்தியருக்கான என்ஆர்இ டெபாசிட் வைத்திருக்கும் கணவரோடு ஜாயின்ட் போடுபவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டிக்கு அங்கே வரி இல்லை, இங்கே உண்டு.

நேப்பர்வில், இல்லினாய்

அப்பா தரப்பிலிருந்து ஒன்று. எங்கள் டிக்ரியில் மகனை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஆளுக்கொருவர் டிபெண்டென்டாகக் கிளெய்ம் செய்யலாம் என்று இருந்தது. 2024 என் முறை. மகனை நான் கிளெய்ம் செய்கிறேன், ஆகவே நான் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்று நானே முடிவு கட்டினேன். ஈ-ஃபைல் திரும்பி வந்தது. முன்னாள் மனைவி ஏற்கெனவே கிளெய்ம் செய்திருந்தாள்.

இரண்டு பேர் மேலும் தப்பு. ராத்திரிக் கணக்குதான் முக்கியம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த வருஷம் பையன் என் வீட்டில் தூங்கியது 156 ராத்திரி, அவள் வீட்டில் 210. ஆகவே கஸ்டோடியல் பேரன்ட், அதாவது பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர், அவள். அவள் ஃபார்ம் 8332-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் குழந்தைக்கான வரிக் குறைப்பான சைல்டு டாக்ஸ் கிரெடிட் எனக்கு வரும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் வராது, டேகேர் கிரெடிட் வராது. அவை பையன் தூங்குகிற வீட்டை விட்டு நகராது. 2008-க்குப் பிறகு வந்த டிக்ரி என்றால் அதன் பக்கங்களை இணைத்தால் போதாது, அந்த ஃபார்மே வேண்டும். கடைசியில் அவள் போட்டுக் கொடுத்தாள், நான் 'சிங்கிள்' என்று மாற்றிப் போட்டேன். பையனின் ஸ்கூல் காலண்டரில் யார் வீடு என்று இப்போது தினமும் பென்சிலால் குறித்து வைக்கிறேன்.

சார்லட், வட கரோலினா

குழந்தை இல்லாதவன் கதை சின்னது. மனைவி 2022-இல் கோயம்புத்தூர் திரும்பிவிட்டாள், அதற்குப் பின் அமெரிக்கா வரவில்லை. அங்கே குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு. முதல் மோஷன், அதாவது முதல் கட்ட விசாரணை, முடிந்ததும் எல்லாம் ஆயிற்று என்று வீட்டில் பாயசமே வைக்காத குறை. இரண்டாவது மோஷன் முடிந்து தீர்ப்பு வந்தது 2024 ஜனவரி 9. ஒன்பது நாள் தள்ளிப் போனதால் 2023 முழுக்க நான் கல்யாணமானவன்.

செபரேட்டாகப் போட்டேன். மனைவியின் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் இடத்தில் 'என்ஆர்ஏ' என்று எழுதினேன், அவள் நான்-ரெசிடென்ட், எண்ணும் இல்லை. துணை நான்-ரெசிடென்ட் என்றால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு வழி இருக்கிறதே, மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே என்று ஒரு ஆசை வந்தது. நடக்காது. டிபெண்டென்ட் அமெரிக்கக் குடிமகனாகவோ அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

ஆகஸ்டில் வேலை போய்விட்டது என்று பிரிந்து போன கணவர் திரும்பி வந்து கீழ் அறையில் ஏழு வாரம் தங்கினார். தனி அறை, தனிச் சமையல், பேச்சுகூட இல்லை. ஆனாலும் ஒரே வீடு. அந்த வருஷ ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போயிற்று. அனுதாபப்பட்டதற்கு ஆன செலவு.

கொலம்பஸ், ஒஹாயோ

சீசனில் இலவச டாக்ஸ் உதவி மையத்தில் வாலண்டியராக உட்காருகிறேன். பிரிந்தவர்கள் அவசரத்தில் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சந்தேகம் இருந்தால் முதலில் செபரேட் போடுங்கள். அதை மூன்று வருஷத்துக்குள் ஜாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஜாயின்ட் போட்டுவிட்டு ஏப்ரல் கெடு தாண்டினால் செபரேட்டுக்குத் திரும்ப முடியாது. செபரேட்டில் நஷ்டமும் உண்டு. ஸ்டூடன்ட் லோன் வட்டி, படிப்பு கிரெடிட் போய்விடும், ஒருவர் ஐட்டமைஸ் செய்தால், அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழித்தால், மற்றவரும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட்டுவிட வேண்டும்.

நேப்பர்வில் தம்பி, ஈ-ஃபைல் திரும்பியதாகச் சொன்னீர்கள். 2025 சீசனிலிருந்து ஐஆர்எஸ் தரும் அடையாள எண்ணான ஐபி பின் வாங்கி அதோடு அனுப்பினால், குழந்தையை இன்னொருவர் கிளெய்ம் செய்திருந்தாலும் ரிட்டர்னை ஏற்றுக்கொள்கிறார்கள். யார் சரி என்பதை அப்புறம் கடிதம் எழுதிக் கேட்பார்கள். அப்போது அந்தக் காலண்டர் உதவும்.

பிளேனோ, டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. எடிசன் அக்கா சொன்னதைப் படித்த பிறகு ஜாயின்ட்டுக்குத் தலையாட்டாதது நல்லதாயிற்று என்று பட்டது.

என் நிலவரம்: 2025 டிசம்பர் 19 தேதி போட்ட டிக்ரி வந்துவிட்டது. டிசம்பர் 31-க்குப் பன்னிரண்டு நாள் முன்னால்! இப்போது நான் நிஜமாகவே கல்யாணமாகாதவள் கணக்கில், மகள் என்னோடு இருப்பதால் மறுபடி ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், 2025-க்குக் கழிவு 23,625 டாலர். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் புது டபிள்யூ-4 ஃபார்மை ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

8958-ஐ நினைத்துத்தான் பயந்தேன். தோழி விதியை எடுத்துக் காட்டினாள். வருஷம் முழுக்கத் தனித்தனியாக வாழ்ந்து, ஜாயின்ட் போடாமல், குழந்தைக்கான சப்போர்ட் தவிர சம்பளப் பணம் கைமாறாமல் இருந்தால், அவரவர் சம்பளத்தை அவரவரே காட்டிக்கொள்ளலாமாம். இந்த முறை அவருடைய டபிள்யூ-2 வேண்டாம். அவருடைய அக்காவுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்பினேன்.