டீசல் கார் மைலேஜ்: சான்றிதழ்ல 24, ரோட்டுல 17. இதுக்குப் பேரு என்ன?

ஈரோட்டுக்காரன்:
என்கிட்ட இருக்கிறது 1.5 லிட்டர் டீசல் செடான். கம்பெனி பேரு வேண்டாம். வாங்கும்போது "ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று, லிட்டருக்கு 24"னு ஷோரூம் கண்ணாடியில பெருசா ஒட்டியிருந்தாங்க. ஏ.ஆர்.ஏ.ஐ.ன்னா வண்டிகளைச் சோதிச்சுச் சான்று தர்ற அமைப்பு. பங்க்ல ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் டேங்க், அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் ஓடின கிலோமீட்டர், இதுதான் என் கணக்கு. 17 வருது. டவுன் பாதி, சேலம் பைபாஸ் பாதி. டேஷ்போர்டு மட்டும் 18.5னு காட்டி என்னை ஆறுதல்படுத்தும். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் எங்கய்யா போச்சு? அரசாங்கமே சீல் குத்திக் கொடுக்கிற ஏமாத்து வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

பல்சக்கரம்:
ஏமாற்று என்பது பெரிய சொல், நண்பரே. அந்த 24 எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். வண்டி ரோட்டுக்கே போவதில்லை, உருளைகள் மேல் நின்றபடி ஓடுகிறது. மொத்தம் 1180 விநாடி. முதலில் நகரச் சுற்று: நான்கு முறை ஒரே பாட்டு, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. பிறகு நெடுஞ்சாலைச் சுற்று, அதிலும் உச்ச வேகம் 90. ஏசி அணைத்திருக்கும். டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்றுகூட யாரும் பார்ப்பதில்லை; புகையில் வரும் கார்பனை அளந்து, எரிந்த டீசலைக் கணக்கிடுகிறார்கள். எல்லாக் கார்களுக்கும் இதே சோதனைதான். இரண்டு வண்டிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும், அதுதான் இது. உங்கள் பைபாஸில் என்ன கிடைக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

ஈரோட்டுக்காரன்:
வாக்குக் கொடுக்கலையா? அப்புறம் எதுக்கு விளம்பரத்துல அந்த நம்பரை மட்டும் ஆனை சைஸ்ல போடறாங்க, "சோதனைச் சூழலில்"ங்கிறதை எறும்பு சைஸ்ல போடறாங்க? மே மாசம் ஈரோட்டுல ஏசி போடாம ஓட்டற ஆளைக் காட்டுங்க, நான் வண்டியையே எழுதிக் கொடுத்துடறேன்.

டிராவல்ஸ்_மணி:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நம்மகிட்ட டீசல் வண்டிங்க சவாரிக்கு ஓடுது. ஒரே மாடல், ஒரே ரூட்டு. ஒரு டிரைவர் 21 எடுக்கறாரு, இன்னொரு பையன் 16 எடுக்கறான். எல்லாம் கால்ல இருக்கு. பைபாஸ்ல என்ன ஸ்பீடு போறீங்க?

ஈரோட்டுக்காரன்:
110. அதுக்குத்தானே டோல் கட்டறோம்?

பல்சக்கரம்:
விடை அங்கேயே இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் வேகம் கால் பங்குகூட ஏறவில்லை என்று தோன்றும். தடையோ ஏறக்குறைய 50 சதவீதம் கூடிவிடும். சோதனையில் 90-ஐத் தாண்டுவதே கிடையாது.

தேனி_மலைரோடு:
பல்சக்கரம் சார் ஒப்பிட மட்டும்னு சொல்லித் தப்பிச்சுக்கறார். அந்த ஒப்பீடே சரியா வராதுங்கறதுதான் என் வாதம்.

ஐரோப்பாவோட பழைய மைலேஜ் சோதனையான என்.இ.டி.சி. சுழற்சிதான் நம்ம சோதனைக்கு மூலம். அவங்க 120 வரைக்கும் போனதை நாம 90-ல நிறுத்திக்கிட்டோம், அவ்வளவுதான். அதுல 0-விலிருந்து 50-க்குப் போக 26 விநாடி. நம்ம ஊர்ல சிக்னல் விழுந்து 26 விநாடி எடுத்துக்கிட்டா பின்னாடி பஸ்காரர் இறங்கி வந்து பேசுவார். மொத்த நேரத்துல கிட்டத்தட்ட கால்வாசி வண்டி சும்மா நிக்குது. இதைத் தெரிஞ்ச கம்பெனி என்ன செய்யும்? நிக்கும்போது இன்ஜினை அணைக்கிற வசதியை வைக்கும். 2015-ல மாருதி சியாஸ் டீசலுக்கு அந்த வசதியோட ஒரு சின்ன மின் உதவியும் வச்சதும் சான்று மைலேஜ் 26.21 இருந்தது 28.09 ஆச்சு. மதுரைக்கு நேரா அடிச்சா அந்த வித்தியாசத்துல எவ்வளவு மிஞ்சும்? மதியம் ஏசியோட சிக்னல்ல நின்னா, கேபின் சூடானதும் இன்ஜின் தானாவே திரும்ப ஓட ஆரம்பிச்சுடும்.

இன்னொண்ணு. ஐ.சி.சி.டி.ங்கிற போக்குவரத்து ஆய்வு அமைப்பு சொன்னபடி ஐரோப்பாவுல காகிதத்துக்கும் ரோட்டுக்கும் இருந்த இடைவெளி 2001-ல 10 சதவீதத்துக்கும் கீழே. 2015-ல 40-ஐத் தாண்டிடுச்சு. மனுசங்க கால் அந்தப் பதினாலு வருசத்துல கனமாயிடுச்சா? சோதனைக்குன்னே வண்டியைத் தயார் பண்ணக் கத்துக்கிட்டாங்க. ஆளுக்கு ஆள் நீளுற கோலை அளவுகோல்னு எப்படிச் சொல்றது?

கருப்பட்டி:
ஃபோக்ஸ்வேகன் 2015-ல மாட்டுனது இதுலதானே?

தேனி_மலைரோடு:
இல்ல தம்பி, அது வேற. அங்க மறைச்சது மைலேஜை இல்ல, நைட்ரஜன் ஆக்சைடு புகையை. சோதனை நடக்குதுன்னு மென்பொருள் கண்டுபிடிச்சு அப்ப மட்டும் புகையைக் குறைக்கும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டி. மைலேஜ்லயே மாட்டுன கதை வேணும்னா அமெரிக்காவுல ஹூண்டாய், கியா. 2012-ல கூட்டிப் போட்ட நம்பரைக் குறைச்சாங்க, வாங்கினவங்களுக்கு ஈடு கொடுத்தாங்க, 2014-ல 10 கோடி டாலர் அபராதம். அந்த ஊர்ல 2008 மாடலிலிருந்து ஏசி, அதிக வேகம், குளிர் எல்லாத்தையும் கணக்குல சேர்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டறாங்க. மனசு இருந்தா செய்யலாம்னு தெரியுதில்ல?

பல்சக்கரம்:
நீண்டுவிட்டது என்று தெரிந்துதானே ஐரோப்பா கோலையே மாற்றியது! 2017 முதல் புதிய சோதனை: 1800 விநாடி, 131 கி.மீ. வரை வேகம். 2021-லிருந்து புதிய கார்களுக்குள்ளேயே எரிபொருள் கணக்கு பதிவாகிறது. அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டதைப் பாருங்கள்: சான்றைவிட ரோட்டில் கூடுதலாகக் குடிப்பது பெட்ரோல் கார்கள் ஏறத்தாழ 24 சதவீதம், டீசல் 18 சதவீதம். தலைப்பில் டீசலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அதிகம் விலகுவது பெட்ரோல்தான். குறைந்த சுமையில் பெட்ரோல் இன்ஜின் காற்றை நெரித்து உள்ளிழுக்க வேண்டும், அந்த இழப்பு டீசலுக்கு மிகக் குறைவு.

தவிர, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் கண் ஏமாறும். 24 எங்கே, 17 எங்கே என்று பதறுகிறோம். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்புங்கள்: 4.2 லிட்டர் 5.9 ஆகியிருக்கிறது. சான்றில் 21 போட்ட பெட்ரோல் வண்டி ரோட்டில் 13 கொடுத்தால் 4.8 லிட்டர் 7.7 ஆகிறது. எந்த வண்டி பர்ஸை அதிகம் கடிக்கிறது?

கருப்பட்டி:
நான் மாசம் 800 கி.மீ. ஓட்டுவேன். டீசல் மாடல் ஒன்றேகால் லட்சம் கூட. வாங்கலாமா?

பல்சக்கரம்:
பெட்ரோல் 101, டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். 21, 24 என்ற சான்றிதழ் எண்களின்படி ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 4.81 ரூபாய், டீசல் 3.85, மிச்சம் 96 காசு. ஒன்றேகால் லட்சத்தை எடுக்க 1.3 லட்சம் கி.மீ. ஓட வேண்டும். இப்போது ரோட்டில் வரும் 13, 17 என்ற எண்களைப் போடுங்கள்: 7.77, 5.44. மிச்சம் 2.33 ரூபாய். சுமார் 54,000 கி.மீ.யில் போட்ட பணம் வந்துவிடும். சான்றிதழை நம்பியவர் டீசல் வாங்கியிருக்கவே மாட்டார்!

டிராவல்ஸ்_மணி:
கணக்கு சூப்பர். ஆனா 800 கி.மீ.ன்னா அந்த 54,000 வர அஞ்சரை வருசத்துக்கு மேல ஆகும் தம்பி. அதுவும் முழுக்க டவுன் ஓட்டம்னா டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 (புகை மாசுக்கான விதி) டீசல்ல புகைக்கரி வடிகட்டி இருக்கு. சூடாகாம குட்டிக் குட்டி ஓட்டம் ஓட்டினா கரி அடைச்சுக்கும். அதை எரிக்க வண்டியே கூடுதல் டீசலைக் குடிக்கும். விளக்கு எரிஞ்சதும் பைபாஸ்ல ஒரு ரவுண்டு போகலைன்னா செலவு வேற மாதிரி வரும். இது எந்த மைலேஜ் கணக்குலயும் தனியா தெரியாது.

தேனி_மலைரோடு:
பெட்ரோல்லயும் ஒண்ணு சேர்த்துக்கோங்க. 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க. லிட்டருக்கு லிட்டர் பார்த்தா எத்தனாலுக்குச் சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி. பழைய காகிதத்துல இருக்கிற பெட்ரோல் நம்பர் இன்னும் கீழதான் போகும். இப்ப சொல்லுங்க பல்சக்கரம் சார், உங்க கோலை வச்சு இந்த ரெண்டையும் எப்படி ஒப்பிட்டிருப்பீங்க? 1.3 லட்சமா 54,000-ஆ?

பல்சக்கரம்:
இரண்டு டீசலை ஒப்பிடுங்கள், இரண்டு பெட்ரோலை ஒப்பிடுங்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட இந்த எண் போதாது. அங்கே ரோட்டுக் கணக்குத்தான். அதற்காகச் சோதனையையே தூக்கி எறிந்தால் மிஞ்சுவது விற்பனையாளரின் வாய் மட்டும்தான். டவுனுக்கு ஒரு எண், பைபாஸுக்கு ஒரு எண், ஏசி போட்டு ஒரு எண் என்று கேளுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

டிராவல்ஸ்_மணி:
ஈரோட்டு அண்ணே, டயர்ல காத்து எவ்வளவு வைக்கறீங்க? 90-ல ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்களேன்.

ஈரோட்டுக்காரன்:
காத்து 33. டீசல் லாபம்னு நீங்க எல்லாம் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டிட்டீங்க, சந்தோசம். நான் அதைக் கேக்கலையே. 24னு எழுதி வித்தாங்க, 17 வருது. 90-ல ஓட்டுனா 20 வரும்னு வச்சுக்கங்க. மீதி நாலு?