புதுப்பிப்பு: கரிக்கு மாறிய பிறகு என் முகங்கள்

பென்சிலில் வரையும் முகங்கள் எல்லாம் தட்டையாகவே வருகின்றன, கருமை ஏற ஏற தாள் பளபளக்கிறது என்று போன முறை எழுதியிருந்தேன். பென்சிலுக்குப் பதில், படம் வரையும் கரியை (சார்கோல்) முயன்று பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன், பெரிய மாற்றம்!

மிகவும் மென்மையான, கருமையான 8பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அதன் கிராஃபைட் மினுங்கத்தான் செய்யும். கரியில் கருவிழியும் மூக்குத் துவாரமும் நிஜமாகவே கறுப்பாக நின்றன. ஆனால் அழுத்திப் போட்ட பென்சில் கோட்டின் மேல் கரி சரியாக ஒட்டுவதில்லை. அதனால் முதலில் போடும் உருவக்கோட்டையே மெல்லிய கரிக்குச்சியில் போடுகிறேன். விரலால் தேய்த்தாலே கலைந்துவிடும், தப்பாகப் போனாலும் கவலையில்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது பிசையும் ரப்பர், மாவு மாதிரி பிசைந்து வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரக்கூடிய அழிப்பான். கண்ணைச் சுற்றிக் கரியைத் தடவிவிட்டு, ரப்பரை ஊசிமுனை மாதிரி உருட்டி, கீழிமையின் ஓரத்தில் ஒற்றி எடுத்தேன். அந்த ஈரப் பளபளப்பு வந்ததும் கண் உயிரோடு பார்த்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறத் தாளில் வெள்ளைச் சாக் கட்டியும் முயன்றேன், சுமார்தான். வெள்ளையும் கரியும் கலந்தால் மங்கிப்போகிறது. இரண்டுக்கும் நடுவில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

காது மட்டும் இன்னும் மேலே ஏறிவிடுகிறது. புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில் அளந்து வைத்துப் பழகுகிறேன். அப்புறம், அடுத்தது முக்கால் பக்க முகம், அதாவது சற்றே பக்கவாட்டில் திரும்பிய முகம்.