1/72 டைப் 7சி யூ-போட்: நீர்த்துளைகளும் உடல் இணைப்பும்

கேள்வி:
ஜெர்மானிய டைப் 7சி நீர்மூழ்கி (யூ-போட்), 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட். உடலின் இரு பாதிகளைச் சேர்த்தால் நடுவில் ஒரு பாதி மற்றதைவிட அரை மி.மீ. உயர்ந்து படி போல நிற்கிறது. பக்கவாட்டு நீர்த்துளைகள் (தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும் துளைகள்) திறக்காமல் வெறும் பள்ளமாக இருக்கின்றன. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
துளைதான் முதலில். ஒட்டிவிட்டால் உள்ளே கை போகாது. உள்பக்கத்தை 120 உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் பள்ளங்கள் மட்டும் ஒளிரும், அது போதும். இரு முனையிலும் 0.5 மி.மீ. துளையைக் கையாலேயே போட்டு, நடுப்பகுதியைக் கத்தி முனையால் எடுங்கள். மோட்டார் டிரில் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஓரத்தில் திரண்டுவிடும். உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள், ஆழம் தெரியும்.

பதில் 2:
படிக்குக் காரணம் நீளம். 67 மீட்டர் கப்பல் இந்த அளவில் 93 செ.மீ.; பாதிகள் லேசாக வளைந்திருக்கும். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஐந்தாறு குறுக்குத் தடுப்புகள் வெட்டி ஒரு பாதியில் ஒட்டுங்கள். பிறகு டேப் கட்டி, பத்துப் பத்து செ.மீ.யாகத் திரவப் பசை விடுங்கள். இணைப்பில் மிச்சமிருக்கும் இடைவெளியைப் புட்டியால் (நிரப்பும் பசையால்) அடைத்தால், அது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பின்னால் சுருங்கி, பெயிண்டுக்கு மேல் கோடு எழும்.

பதில் 1:
தடுப்பை ஒட்டுமுன் மேல்தளத்தை வைத்துப் பாருங்கள். அகலம் கூடினால் தளம் உட்காராது.