கடலில் ஏது ‘ரோடு’? ரோட்ஸ்டெட் என்பதற்குக் கலைச்சொல்

நண்பர்களே,

சென்னையைப் பிடித்த சில வாரங்களில், 1746 அக்டோபரில், பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ பகுதியில் நின்றபோது புயலில் சிக்கின. இதைச் ‘சென்னைச் சாலைகள்’ என்று பெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். கோட்டைக்கு எதிரே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற கடற்பரப்புக்குத்தான் அந்தப் பெயர். பொதுவாக ரோட்ஸ்டெட் என்பார்கள். இதற்கு ‘நங்கூரவெளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘ரோடு’க்கு மூலமான ‘ராட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் குதிரையேறிச் செல்வதைக் குறித்தது. சவாரியைக் குறிக்கும் ‘ரைடு’ம் அதே வேரில் வந்தது. நங்கூரத்தில் நின்றபடி அலையில் ஏறி இறங்கும் கப்பலையும் ஆங்கில மாலுமிகள் ‘ரைடு’ செய்வதாகவே சொல்வார்கள். ஊருக்கு ஊர் போகும் வழி என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வருகிறது; கடற்பொருள் அதற்கும் மூத்தது. ஆகவே நிலத்துச் சாலையை உருவகமாகக் கடலுக்குக் கொண்டுபோனார்கள் என்று எண்ணிக் ‘கடற்சாலை’, ‘கலவழி’ என்று ஆக்குவது பொருந்தாது. கப்பல் அங்கே போய்க்கொண்டிருப்பதில்லை, நிற்கிறது.

> காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி என்கிறதே ராசராசன் மெய்க்கீர்த்தி. ‘சாலை’க்கே கடற்பொருள் கொடுத்தால் என்ன?

அந்தத் தொடரை வைத்துச் சொல் கட்ட முடியாது. ‘கலம்’ கப்பலா உண்கலமா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. காந்தளூர்ச் சாலையைக் கல்விச்சாலை என்று கொள்வோரும் உண்டு. சாலையின் மூத்த பொருள் கூடம். பாடசாலை, அறச்சாலை, தொழிற்சாலை எல்லாம் அந்த வழியில் வந்தவை. நிலத்து நெடுவழிக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் தரும் சொல் ‘பெருவழி’: இராசகேசரிப் பெருவழி, அதியமான் பெருவழி. (தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல்லில் ‘நாவற்தாவளத்துக்குக் காதம்’ என்று எழுதி, எண்ணை எழுத்தாகவும் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள், எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்துத் தூரத்தை எண்ணலாம்.) வழிக்கும் நதிக்கும் ‘ஆறு’ என்ற ஒரே சொல்லை வைத்திருந்த மொழி நம்முடையது. இருந்தாலும் நிற்கும் கப்பலுக்கு இவற்றில் எதுவும் உதவாது.

பொருளுக்கு வருவோம். சோழமண்டலக் கரை பெரும்பாலும் நேராக ஓடும் மணற்கரை. இயற்கைத் துறைமுகம் அரிது. சென்னையில் கப்பல்கள் அலையுடையும் பகுதிக்கு வெளியே நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வரும். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் மோதும்போது ஆணியடித்த பலகை பிளந்துவிடும், தைத்தது வளைந்துகொடுக்கும். 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் (பியர்) வந்தும் கப்பல்கள் வெளியேதான் நின்றன. 1876இல் தொடங்கிய துறைமுக வேலையை 1881 புயல் சிதைத்தது. தூத்துக்குடியில் சிக்கல் வேறு: கரையோரக் கடல் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை இதே நிலைதான்.

இனி ‘வெளி’ ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஆழம் 15 மீட்டர், கப்பல் நீளம் 150 மீட்டர் என்போம். நங்கூரச் சங்கிலியை ‘ஷேக்கிள்’ என்ற அளவால் கணக்கிடுவார்கள்; நான்கு ஷேக்கிள் விட்டால், ஷேக்கிள் ஒன்று 27.5 மீட்டராக, 110 மீட்டர். காற்றும் நீரோட்டமும் திரும்பத் திரும்பக் கப்பல் நங்கூரத்தைச் சுற்றும். வட்டத்தின் ஆரத்துக்குச் சங்கிலியோடு கப்பல் நீளத்தையும் கூட்ட வேண்டும்: 260 மீட்டர். ஒரே கப்பலுக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவு. பத்துக் கப்பல் நிற்கும் பரப்பை ‘இடம்’ என்றோ ‘தலம்’ என்றோ சொன்னால் அளவு விளங்காது. புல்வெளி, மணல்வெளி போல நங்கூரவெளி. ‘நங்கூரம்’ பாரசீக வேர் என்று அதைத் தவிர்க்கத் தேவையில்லை. கடற்கரை ஊர்கள் எல்லாம் அறிந்த சொல்.

---

ஐயா,

கணக்கு சரி. ஆனால் சட்டத்துக்கு இந்தச் சொல் போதுமா? 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்: கப்பல்களில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் நங்கூரமிடவும் வழக்கமாகப் பயன்படும் ரோட்ஸ்டெட், ஆட்சிக் கடலின் (கரையோர நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடற்பகுதியின்) வெளி எல்லைக்கு அப்பால் முழுதாகவோ பகுதியாகவோ விழுந்தாலும், அதுவும் ஆட்சிக் கடலில் சேரும். ஏற்றுவதும் இறக்குவதும் முதலில் வருகின்றன. ‘நங்கூரவெளி’யில் நங்கூரம் மட்டுமே தெரிகிறது. ‘வெளித்துறை’ என்றால் துறையின் தொழிலும் கூடவே வந்துவிடும். இலக்கியத்தில் ‘முன்றுறை’யும் இருக்கிறது.

---

வணக்கம்.

‘முன்றுறை’ அழகான சொல், ஆனால் நீராடும் இடமும் ஓடம் சேரும் இடமுமாகக் கரையை ஒட்டியே நிற்கிறது. ஒரு மைல் தள்ளியிருக்கும் நீர்ப்பரப்புக்கு அதைக் கொடுத்தால் பழைய பாடல்களைப் படிப்பவர் குழம்புவார். ‘வெளித்துறை’ என்றதும் இன்றைய வாசகருக்கு அரசுத் துறைதான் நினைவுக்கு வரும்.

சட்டப் பிரிவைப் பற்றிச் சொன்னது முக்கியம். ஆனால் ஏற்றுவதையும் இறக்குவதையும் அந்த உறுப்பே தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. சொல்லுக்குள் அவற்றைத் திணிக்க வேண்டாம். மாறாக, மறைப்பு உண்டா இல்லையா என்பதைச் சொல் காட்டியாக வேண்டும், ஏனென்றால் கப்பல் தப்புவதும் தொலைவதும் அதில்தான் இருக்கிறது. தீவோ திட்டோ முனையோ காற்றைத் தடுத்தால் ‘மறைவுள்ள நங்கூரவெளி’. சென்னை போல் நேராகத் திறந்து கிடந்தால் ‘மறைவற்ற நங்கூரவெளி’. அடித்தரையின் பிடிமானம் வேறு செய்தி: களிமண் நங்கூரத்தை இறுகப் பிடிக்கும், பாறையில் வழுக்கும். அதற்குப் ‘பிடிதரை’ என்று தனிப்பதிவு போடலாம்.

கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: ரோட்ஸ்டெட் – நங்கூரவெளி; ஆங்கரேஜ் – நங்கூரமிடம்; ஹார்பர் – துறைமுகம். இடப்பெயரோடு வரும் ‘ரோட்ஸ்’ பன்மையாக இருந்தாலும் தமிழில் ஒருமையே: சென்னை நங்கூரவெளி, புதுச்சேரி நங்கூரவெளி. அலைதாங்கி (அலையைத் தடுக்கும் சுவர்) கட்டுவதற்கு முந்தைய கொழும்பைப் பற்றி எழுதும்போதும் இதையே ஆளலாம்.